ஸ்டென்ட்டை எங்கே எடுப்பது: ஜிஎச்சா, தனியாரா, ஊருக்குப் போகும்போதா?

"மிஸ்ஸி, எங்க அப்பாவுக்குக் கிட்னியில குழாய் வெச்சிருக்காங்க. எடுக்கற தேதி இன்னும் ரெண்டு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் இருக்கலாமா, பிரைவேட்ல போயி எடுத்துடலாமா?"

அரசு மருத்துவமனையின் (ஜிஎச்) அறுவைச் சிகிச்சை வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்று, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து இந்தக் கேள்வியைப் பல விதமாகக் கேட்டுவிட்டேன். கோயில் அன்னதான வரிசையில் கேட்டிருக்கிறார்கள். காலைப் பசாரில் மீன் வாங்கும்போது கேட்டிருக்கிறார்கள். இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் எக்ஸ்ரே படத்தோடு வந்திருக்கிறது. கேட்பவர்கள் தோட்டத்தில் இருப்பவர்கள், அல்லது தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தவர்கள். இங்கிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் செம்பனை வெட்டுகிறவருக்கு அந்த 30 கிலோமீட்டர் ஒரு நாள் சம்பளம். அதனால்தான் இது ஒரு முடிவாகவே வந்து நிற்கிறது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் வீடுகளில் ஸ்டென்ட் என்றாலே இருதயம்தான் ஞாபகம் வரும். மாமாவுக்கு வைத்தார்கள், பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வைத்தார்கள். அது உலோக வலை. இரத்தக் குழாய்ச் சுவரோடு ஒட்டி ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும். சிறுநீரகத்துக்கு வைப்பது வேறு சாமான். 2 மில்லிமீட்டர் பருமனும் 24 அல்லது 26 சென்டிமீட்டர் நீளமும் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது. இரண்டு முனையும் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். மேல் கொக்கி சிறுநீரகத்திலும் கீழ்க் கொக்கி மூத்திரப்பையிலும் சுருண்டு உட்கார்ந்து, குழாய் நழுவாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டு முனையும் ஆங்கில J எழுத்து மாதிரி இருப்பதால்தான் டபுள் ஜே, சுருக்கமாக டிஜே ஸ்டென்ட் என்கிறார்கள். 1978-லிருந்து இது புழக்கத்தில் இருக்கிறது. கல் அடைத்து சிறுநீர் தேங்கும்போது வைப்பார்கள். லேசரால் கல்லை உடைத்த பிறகு, வீக்கத்தில் வழி அடைபடாமல் இருக்க வைப்பார்கள். வேலை முடிந்ததும் எடுத்தே ஆக வேண்டும்.

"ஸ்டென்ட்னா நிரந்தரம்னு நெனச்சிட்டேன் மிஸ்ஸி" என்று என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. அவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. அதே சொல்லை இரண்டு சாமான்களுக்கு வைத்ததில் வந்த வினை அது.

## எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்

முதலாவது வாரக் கணக்கு. மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் எடை கொடுப்பேன். கல்லை உடைத்த பிறகு வைத்த ஸ்டென்ட்டைப் பலருக்கு 1, 2 வாரத்திலேயே எடுப்பார்கள், சிலருக்கு 4, 6 வாரம் விடுவார்கள். சாதாரண வகை ஸ்டென்ட் எதுவானாலும் 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை.

ஏன் அப்படி? வெந்நீர் காய்ச்சும் கெண்டியின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். சிறுநீரிலும் உப்புகள் உண்டு. குழாய் உள்ளே போன கொஞ்ச நாளிலேயே அதன் மேல் வழவழவென்று ஒரு படலம் கட்டும், அதில் கிருமிகள் குடியேறும். சில கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். சிறுநீரின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை ஏறும். அப்போது கால்சியம், மெக்னீசிய உப்புகள் கரைந்திருக்க முடியாமல் குழாயின் மேல் உறையும். கிருமித் தொற்றே இல்லாவிட்டாலும், ஏற்கெனவே கல் உண்டாகும் உடம்பாக இருந்தால் அதே கல்லின் உப்பு குழாயில் படியும். 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், எடுத்த ஸ்டென்ட்களை வாரக் கணக்கில் பிரித்துப் பார்த்தார்கள். 6 வாரத்துக்குள் எடுத்தவற்றில் 9.2 விழுக்காட்டில் உப்புப் படிந்திருந்தது. 6 முதல் 12 வாரத்தில் அது 47.5 விழுக்காடு. 12 வாரம் தாண்டியவற்றில் 76.3 விழுக்காடு. இந்த மூன்று எண்களை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் இவற்றைச் சுற்றித்தான் வரும்.

இரண்டாவது, யாருடைய உடம்பு என்பது. அடிக்கடி கல் வருகிறவர், சிறுநீர்த் தொற்று வந்தவர், இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர் எல்லாம் மூன்று மாத எல்லையை நம்பி உட்காரக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு இன்னும் சீக்கிரம் உப்புப் படியும். அவர்களுக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

மூன்றாவது, பணம். பில்லில் வரும் பணம், பில்லில் வராத பணம் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான்காவது, உங்கள் தாள்கள் யாரிடம் இருக்கின்றன, நடுவில் குளிர் காய்ச்சல் வந்தால் உங்களைத் தெரிந்த மருத்துவர் யார் என்பது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

## அரசு மருத்துவமனையில் கொடுத்த தேதிக்குக் காத்திருப்பது

குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி (ரிங்கிட்). எடுக்கும் முறை பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். மூத்திரத் துவாரத்தில் மரத்துப்போகும் ஜெல் போட்டு, கேமரா பொருத்திய மெல்லிய ஸ்கோப்பை மூத்திரப்பைக்குள் விட்டு, கீழ்க் கொக்கியைப் பிடித்து மெதுவாக இழுப்பார்கள். சில நிமிட வேலை. பெரும்பாலும் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும், சிறுநீர் கொஞ்சம் சிவந்து போகும், அவ்வளவுதான்.

இந்த வழியின் பெரிய பலம் உங்கள் தாள்கள் அங்கேயே இருப்பது. எந்தப் பக்கம் வைத்தார்கள், எத்தனை வைத்தார்கள், உள்ளே கல் மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் கோப்பில் இருக்கும். எடுக்கப் போகும்போது உப்புப் படிந்திருப்பது தெரிந்தால் அடுத்த கட்டமும் அங்கேயே நடக்கும், பில்லும் வீட்டை விற்க வைக்காது.

மறைந்த செலவு தேதியில் இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "தேதி எப்போது?" என்பது மட்டும் அல்ல. "வைத்த நாளிலிருந்து எண்ணினால் அது எத்தனையாவது வாரம்?" என்று கேளுங்கள். 5-வது, 6-வது வாரம் என்றால் காத்திருங்கள், ஒரு காசும் வீணாக்க வேண்டாம். 11-வது வாரம் என்றால் கவுண்டரில் போய் முன்கூட்டிய தெமு ஜன்ஜி (அப்பாய்ண்ட்மென்ட்) கேட்க வேண்டும். யாராவது தேதியை ரத்து செய்தால் கூப்பிடச் சொல்லிப் பெயரையும் இப்போது பயன்படுத்தும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். இப்படிக் கேட்டு மூன்று வாரம் முன்னால் தள்ளி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்பதற்கு நம் ஆட்கள் தயங்குகிறார்கள். வார்டில் இருந்த ஆளாகச் சொல்கிறேன், தயங்க வேண்டாம். கேட்கிறவர் மேல் யாருக்கும் கோபம் வராது.

சம்பளக் கவலைக்கு ஒரு வார்த்தை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. வேலையில் சேர்ந்து 2 ஆண்டு ஆகாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டு வரை 18 நாள், 5 ஆண்டு தாண்டினால் 22 நாள். வார்டில் படுக்க நேர்ந்தால் 60 நாள் தனி. மருத்துவரிடம் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கி ஆபீஸில் கொடுங்கள். "அன்னிக்கு ஒரு நாள் கூலி போயிடுமே" என்று தேதியைத் தவறவிட்டவர்களில் சிலருக்கு இந்த விடுப்பு இருப்பதே தெரியவில்லை.

குடியுரிமைத் தாள் இல்லாதவர்கள் இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம் விழும், அது பல மடங்கு. பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சமூகநலப் பிரிவு இருக்கிறது. எடுக்கும் நாளுக்கு முன்பே அங்கே போய்ப் பேசுங்கள்.

## தனியாரில் போய் எடுத்துவிடுவது

நேரம்தான் இதன் பலம். இந்த வாரம் போன் செய்தால் பெரும்பாலும் அடுத்த வாரத்துக்குள் எடுத்துவிடலாம். 10 வாரம் தாண்டியவர், அரசுத் தேதியை முன்னால் நகர்த்த முடியாதவர், கையில் கொஞ்சம் பணம் இருப்பவர், இவர்களுக்கு இது நல்ல வழி என்று மனமாரச் சொல்வேன்.

பணம் விஷயத்தில் கவனம். தனியாரில் மருத்துவர் வாங்கும் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்ச வரம்பு உண்டு. மருத்துவமனை போடும் கட்டணத்துக்கு அப்படி இல்லை. அறை, ஸ்கோப், மயக்க ஊசி, மருந்து, எக்ஸ்ரே என்று ஒவ்வொன்றாகச் சேரும். அதனால் போன் செய்யும்போதே "எல்லாம் சேர்த்து எவ்வளவு? மயக்கம் கொடுப்பீர்களா, ஜெல் மட்டும் போதுமா?" என்று கேளுங்கள். ஜெல் போதும் என்றால் செலவு நன்றாகக் குறையும். ஈபிஎப் என்ற ஊழியர் சேமநிதியில், அவசரத்துக்கு எடுக்கக்கூடிய அக்காவுன் ப்ளெக்சிபெல் என்ற கணக்கு 2024-லிருந்து இருக்கிறது. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குறைந்தது 50 வெள்ளி. அவசரத்துக்கு இதற்காக எடுப்பதில் தப்பே இல்லை என்பது என் கருத்து.

மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புதிதாக வாங்கிய கார்டில் முதல் 120 நாளுக்குச் சில நோய்களுக்குப் பணம் தர மாட்டார்கள். சிறுநீர்க் கல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த பிறகு வாங்கிய கார்டு இதற்குக் கைகொடுக்காது. அப்புறம், வார்டிலிருந்து வந்த பிறகு இத்தனை நாளுக்குள் நடக்கும் தொடர் சிகிச்சைக்குத்தான் பணம் என்று பல கார்டுகளில் இருக்கும். அந்த நாளைத் தாண்டி எடுக்கப் போனால் செலவு உங்கள் தலையில். ஏஜெண்டிடம் வாயால் கேட்காமல், எழுத்தில் வாங்குங்கள்.

இந்த வழியில் எனக்கு உள்ள ஒரே பெரிய பயம் எக்ஸ்ரே எடுக்காமல் இழுத்துவிடுவது. 3 மாதம் தாண்டிய குழாயை முதலில் எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். மேல் கொக்கியில் உப்பு கட்டியிருந்தால் அது நேராகாது. வலிய இழுத்தால் குழாய் அறுந்து பாதி உள்ளே நிற்கும், சிறுநீர் வரும் வழியே கிழிந்தும் போகலாம். வைத்த இடத்தின் டிஸ்சார்ஜ் நோட் கையில் இல்லாமல் வேறு இடத்துக்குப் போனால் வைத்த தேதியே மருத்துவருக்குத் தெரியாது. தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு, அதுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. நள்ளிரவில் வலி தாங்காமல் தனியாரில் சேர்ந்து ஸ்டென்ட் வைத்துவிடுவார்கள். கார்டின் வரம்பு அத்தோடு தீர்ந்துவிடும். "மீதியை ஜிஎச்ல பாத்துக்கலாம்" என்று வீட்டுக்கு வருவார்கள். அங்கே இவர்கள் பெயரில் தேதியே இல்லை, இங்கே திரும்பிப் போகப் பணம் இல்லை. ஆற்றின் நடுவில் துடுப்பை விட்ட படகு மாதிரி நிற்பார்கள். குழாய் மறந்துபோனவர்களில் நான் பார்த்த பலர் இப்படி இரண்டு இடத்துக்கும் நடுவில் விழுந்தவர்கள்தான். உங்களுக்கும் இப்படி என்றால், தனியார் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதத்தைக் கிளம்பும் அன்றே வாங்குங்கள். அதில் ஸ்டென்ட் வைத்த தேதி இருக்க வேண்டும். மறுநாளே அதை ஜிஎச்சில் பதியுங்கள். வலி போய்விட்டதே, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால் அந்த அடுத்த வாரம் வராது.

## ஊருக்குப் போகும்போது எடுப்பது

"தை பூசம் முடிஞ்சு பழனிக்குப் போறோம் மிஸ்ஸி, அங்கேயே எடுத்துட்டு வந்துடவா?" தமிழ்நாட்டில் நல்ல சிறுநீரக மருத்துவர்கள் இருக்கிறார்கள். மொழி நம் மொழி, செலவும் இங்குள்ள தனியாரைவிடக் குறையலாம். ஏற்கெனவே டிக்கெட் எடுத்தாகிவிட்டது, போகும் நாள் 6-வது வாரத்துக்குள் விழுகிறது, உறவுக்காரர் கூட இருக்கிறார் என்றால் யோசிக்கலாம்.

ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பயணத்தை வைத்து எடுக்கும் நாளை முடிவு செய்வது தலைகீழ். விசா தள்ளிப்போகும், பேத்திக்குப் பரீட்சை வரும், டிக்கெட் விலை ஏறும், குழாய் மட்டும் உள்ளேயே இருக்கும். அங்கே போய் உப்புப் படிந்திருப்பது தெரிந்தால் ஒரே நாளில் முடியாது. சில வாரம் இடைவெளி விட்டு இரண்டு மூன்று கட்டமாகச் செய்ய வேண்டி வரலாம். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் இங்குள்ள மருத்துவருக்கு அங்கே என்ன செய்தார்கள் என்று தெரியாது. மருத்துவத்துக்கென்று போவதானால் அதற்கு உரிய விசா தனி என்பதையும் மறக்க வேண்டாம்.

## எடுக்காமல் மாற்றிப் போடுவது

இது எல்லோருக்குமான வழி இல்லை. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் மாதிரி வெளியிலிருந்து அழுத்தும் கட்டி, சிறுநீர் இறங்கும் வழியே சுருங்கிப்போனது, கல்லை இப்போதைக்கு எடுக்க முடியாத கர்ப்பிணி, இப்படிப்பட்டவர்களுக்குக் குழாய் தேவைதான். பழையதை எடுத்த அதே நேரத்தில் புதியதை வைப்பார்கள். புற்றுநோயாளிகளுக்கு 12 மாதம் வரை தாங்கும் உலோக வகையும் இருக்கிறது. மருத்துவர் இதைச் சொன்னால் அடுத்தடுத்த தேதிகளை வீட்டில் ஒருவர் பொறுப்பாக எழுதி வைக்க வேண்டும். ஒரு முறை தவறினாலும் கீழே சொல்லப் போகும் நிலைக்குத்தான் வந்து நிற்கும்.

| வழி | பில்லில் வருவது | பில்லில் வராதது | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| அரசு மருத்துவமனைத் தேதி | நிபுணர் கிளினிக் 5 வெள்ளி | தேதி தள்ளிப்போவது, போக்குவரத்து | தேதி 6-வது வாரத்தை ஒட்டி இருப்பவர், கல் இன்னும் மிச்சம் உள்ளவர் |
| தனியார் | மருத்துவர், அறை, ஸ்கோப், மயக்கம், எக்ஸ்ரே | தாள்கள் வேறிடத்தில், கார்டின் நிபந்தனைகள் | 10 வாரம் தாண்டியவர், தேதியை நகர்த்த முடியாதவர் |
| ஊருக்குப் போகும்போது | டிக்கெட், விசா, மருத்துவமனை | சிக்கல் வந்தால் தங்க வேண்டிய வாரங்கள் | பயண நாள் ஏற்கெனவே 6 வாரத்துக்குள் உள்ளவர் மட்டும் |
| மாற்றிப் போடுவது | ஒவ்வொரு முறையும் ஒரு சிறு அறுவை | வருடக் கணக்கில் தேதி காப்பது | குழாய் இன்னும் தேவை என்று மருத்துவர் சொன்னவர் |

நூல் வைத்த ஸ்டென்ட் என்று ஒன்றும் உண்டு. கீழ் முனையில் கட்டிய நூல் வெளியே தொங்கும், சில நாளில் ஸ்கோப் இல்லாமலே இழுத்து எடுத்துவிடுவார்கள். கல் உடைத்த பிறகு சில நாள் மட்டும் தேவைப்படுபவர்களுக்கு இது பெரிய உதவி. ஈப்போவுக்கு இரண்டாம் முறை போய் ஸ்கோப்புக்குப் படுக்க வேண்டாம். அறுவைக்கு முன்பே "எனக்கு நூல் வைத்தது சரிப்படுமா?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியாமல் இழுபட்டுவிடும் ஆபத்து இருப்பதால் எல்லோருக்கும் வைக்க மாட்டார்கள்.

## யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஐந்தாவது வழி

"வலி இல்லையே, இருக்கட்டும்." இதை ஒரு வழி என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் நிறையப் பேர் எடுக்கும் முடிவு இதுதான்.

குழாய் வைத்த முதல் சில வாரம் தொந்தரவு அதிகம். அடிக்கடி சிறுநீர் வரும், போகும்போது விலாவில் சுருக்கென்று குத்தும், பாரம் தூக்கினால் சிறுநீர் சிவக்கும். இவை பெரும்பாலும் குழாயின் உரசலால் வருவன, மருத்துவரிடம் சொன்னால் தணிக்க மாத்திரை தருவார். நாளாக ஆக உடம்பு பழகிவிடும், தொந்தரவு குறையும். தொந்தரவு குறையும் அதே மாதங்களில்தான் உள்ளே உப்பு ஏறுகிறது. குழாய் வெளியே தெரிவதில்லை, தடவினால் தட்டுப்படுவதும் இல்லை.

எங்கள் வரிசையில் ஓர் அக்கா. பால்மரம் சீவிய காலத்திலிருந்து பழக்கம். தோட்டம் கைமாறியதும் லயத்து வீட்டைக் காலி செய்து மலிவு வீட்டுக்கு வந்தார்கள். அப்பாய்ண்ட்மென்ட் கார்டு பழைய சாமி படத்துக்குப் பின்னால் செருகி இருந்தது. படம் மூட்டைக்குள் போனது. தொலைபேசி எண்ணும் மாறியது. மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டிருந்தாலும் எடுக்க ஆள் இல்லை. நான்கு வருடம் கழித்து, "இடுப்பு கடுக்குது, மழைக்காலம்னு நெனைக்கறேன்" என்று என் வாசலில் வந்து உட்கார்ந்தார். பேச்சோடு பேச்சாக அந்தக் காலத்து அறுவையைப் பற்றிச் சொன்னார். குழாயை எடுத்தார்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எந்தக் குழாய்?" என்றார்.

எக்ஸ்ரேயில் பார்த்தபோது மேலே ஒரு கல், கீழே மூத்திரப்பையில் எலுமிச்சை அளவில் ஒரு கல், இரண்டையும் இணைத்து வெள்ளைக் கோடு. அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு 5 நிமிட வேலை பல மாத வேலையாகிவிடும். முதலில் சிடி ஸ்கேன் எடுத்து உப்பு எங்கெங்கே எவ்வளவு என்று பார்ப்பார்கள். அணு ஸ்கேன் மூலம் அந்தச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பார்கள். சிறுநீரில் கிருமி இருந்தால் முதலில் அதை அடக்குவார்கள். அப்புறம் வழிகள் பிரியும். லேசாகப் படிந்திருந்தால் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உதிர்க்கலாம். மூத்திரப்பைக் கல்லை ஸ்கோப் வழியாக உடைக்கலாம், நடுக்குழாயில் உள்ளதை லேசரால் சுரண்டலாம். சிறுநீரகத்தில் பெரிய கல்லாக இறுகியிருந்தால் முதுகுப் பக்கம் ஒரு துளை போட்டு உள்ளே போய் உடைக்க வேண்டும். பலருக்கு இதில் இரண்டு மூன்று முறைகள் சேர்ந்தே தேவைப்படும். அரிதாக வயிற்றைத் திறக்க வேண்டி வரும். அடைப்பு நீண்ட நாள் இருந்து சிறுநீரகம் செயலிழந்திருந்தால் அதையே எடுக்கவும் நேரலாம். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி ஏறி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கட்டத்தில் ஜிஎச்சா தனியாரா என்று கேட்டால் என் பதில் தெளிவாக மாறும். பெரிய அரசு மருத்துவமனை அல்லது பல்கலைக்கழக மருத்துவமனை. காரணம் பணம். ஓர் ஸ்கோப்புக்குத் தனியாரில் கட்ட முடிகிறவரால் மூன்று அறுவைக்கும் நடுவில் வார்டில் படுப்பதற்கும் கட்ட முடியாது. பாதியில் நின்றால் இன்னும் மோசம். நான் சொன்ன அக்காவுக்கு மூன்று கட்டமாக எடுத்தார்கள், சிறுநீரகம் தப்பியது. முழு பலத்தோடு இல்லை, ஆனால் இருக்கிறது.

வாழைத்தண்டுச் சாறு, பூனைமீசைத் தேநீர் பற்றியும் கேட்கிறீர்கள். தண்ணீர் நிறையக் குடிப்பது கல் உண்டாகும் உடம்புக்கு நல்லது. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்கச் சொல்வார்கள். வெயிலில் செம்பனை வெட்டுகிறவர் அதற்கு இன்னும் அதிகமாகவே குடிக்க வேண்டும். ஆனால் குழாயில் ஏறிய உப்பை எந்தச் சாறும் கரைத்து எடுக்காது, குழாயையும் வெளியே கொண்டுவராது.

## எந்த வழியானாலும் உடனே போக வேண்டிய நேரம்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் தாங்க முடியாத வலி, சிறுநீர் நின்றுபோவது, கட்டி கட்டியாக இரத்தம், கட்டுப்பாடில்லாமல் சிறுநீர் ஒழுகுவது. கடைசியாகச் சொன்னது குழாய் கீழே நழுவியதாலும் இருக்கலாம். இவை வந்தால் ஜிஎச், தனியார் என்ற யோசனையே வேண்டாம். அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றைக்கே போங்கள். உள்ளே ஸ்டென்ட் இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும்.

## தேதி போனவர்களுக்கு

இதைப் படிக்கும்போது "எனக்கு வைத்தது எடுத்தார்களா?" என்று ஒரு கணம் சந்தேகம் வந்தவர்களுக்குச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே போதும், குழாய் அதில் தெரியும். நாளை காலை பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதாரக் கிளினிக்) போங்கள், 1 வெள்ளி. தேதியைத் தவறவிட்டதற்குத் திட்டுவார்களோ என்று பயந்து பல மாதம் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். யாராவது ஒரு வார்த்தை சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், திரும்பி வந்துவிடாதீர்கள்.

கவுண்டரில் விளக்கிச் சொல்ல மலாய் வராவிட்டால் இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்: Stent buah pinggang saya belum dikeluarkan (ஸ்டென்ட் புவா பிங்காங் சாயா பெலும் டிகெலுவார்கான்). என் சிறுநீரக ஸ்டென்ட் இன்னும் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். பழைய கார்டு, டிஸ்சார்ஜ் நோட், மருந்துச் சீட்டு எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வைத்த வருடத்தையும் மருத்துவமனையின் பெயரையும் உங்கள் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் சொன்னால் போதும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், புதிய தேதியை அவருடைய போனிலும் பதியச் சொல்லுங்கள்.

சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் கார்டை எடுத்து சமையலறைக் காலண்டரில் மாட்டுங்கள், தினமும் கண்ணில் படும்.